கடவுச்சொல் ஒப்படைப்புப் பெருவிழா

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் திகதி, சனிக்கிழமை பிற்பகல், கனடாவின் மொன்றியல் நகரத்தில், மொன்றியல்-நோர் பகுதியில் உள்ள ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில், மொன்றியல் தமிழ்ப் பெற்றோர் இணையக் காப்பு ஒன்றியம் அங்குரார்ப்பணம் செய்யப்பட்டது.

கூட்டம் வழமைபோல் ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. மங்கல விளக்கை ஏற்றியதும் புகை எச்சரிக்கை மணி அலறியதால், விளக்கை அணைத்துவிட்டு, அது எரிவதாகக் கருதிக்கொள்ளுமாறு சபையோர் கேட்டுக்கொள்ளப்பட்டனர். பின்னர் அகவணக்கம். முகநூல் கணக்குகளைப் பறிகொடுத்த உறவுகளையும் இந்நேரத்தில் நினைவில் நிறுத்தும்படி தலைவர் கிறிஸ்தோப்பர் கேட்டுக்கொண்டார். அதன்பின் வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை. இடையில் ஒரு நடனம். அதில் ஒரு சிறுமி கணினியாகவும் இன்னொரு சிறுமி வைரஸாகவும் வந்தார்கள். வைரஸாக வந்த பிள்ளை மிக நன்றாக ஆடியபடியால், கடைசியில் அது தோற்றபோது சபையில் சற்று மனவருத்தம் தெரிந்தது.

பிள்ளைகள் கணினிகளை உடைத்து உள்ளே புகும் பழக்கத்துக்குப் போகாமல் பெற்றோர் வழிநடத்துவது எப்படி என்பதுதான் கூட்டத்தின் பொருள். ஆட வந்த இருவரைத் தவிரப் பிள்ளைகள் யாரும் அழைக்கப்படவில்லை.

கிறிஸ்தோப்பர் கர்க்லாண்டில் வசிப்பவர். வீடு விற்பனைத் தரகர். ஒலிவாங்கியைக் கண்டால் முதலில் அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, தட்டிய சத்தத்துக்கே நன்றி சொல்லுமளவுக்கு மேடைப் பழக்கம் உள்ளவர்.

"எங்கட பிள்ளையள் கெட்டிக்காரர். அதுதான் பிரச்சினை," என்று அவர் தலைமையுரையைத் தொடங்கினார். "கெட்டித்தனத்தைப் பரீட்சைக்கு மட்டும் வைச்சிருந்தால் காணும். வீட்டிலை சும்மா இருக்கிற நேரத்திலையும் கெட்டிக்காரராய் இருக்க வெளிக்கிட்டால், அங்கைதான் பிழைக்குது. எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது. அதாலைதான் நான் இதுவரை ஒரு பிழையும் விடேல்லை."

கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் இருந்த றூபனும் தட்டினார். மற்றவர்கள் ஏன் தட்டினார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவர் தட்டியதற்குக் காரணம் இருந்தது. அவருக்கு இந்த ஒன்றியத்திடமிருந்து ஒரு கடிதம் வேண்டும்.

றூபன் அன்ஜூவில் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் கண்ணாடி பொருத்துபவர். மகள் ஜென்சிக்குப் பதினைந்து வயது. பாடசாலையின் இணையத்தளத்தில் தன் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், முகவரியின் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டிப் பார்த்திருக்கிறாள். அடுத்த பிள்ளையின் புள்ளிகள் வந்தன. இன்னும் ஒன்று கூட்டினாள். அதற்கடுத்த பிள்ளை. உடனே மூடிவிட்டு, இப்படியொரு ஓட்டை இருக்கிறது என்று ஆசிரியருக்கு எழுதினாள். ஆசிரியர் அதை மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் ஜென்சியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

துணை அதிபர் ஓர் அமைதியான பெண்மணி. றூபனுக்குப் புரியும்படி பிரெஞ்சை மெதுவாகப் பேசினார். கதவு திறந்து கிடந்தது என்பதைப் பாடசாலை மறுக்கவில்லை என்றார். ஆனால் அது திறந்து கிடப்பதைக் காண்பதற்கு மாணவி முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்கவில்லை. யூன் மாதத்துக் கல்வி அமைச்சுப் பரீட்சைகளுக்கு அவளை இருத்துவதா என்பதைக் குழு மே மாதக் கடைசியில் தீர்மானிக்கும். இருத்தாவிட்டால் அந்த வகுப்பையே திரும்பப் படிக்க வேண்டும். உங்கள் சமூகத்தின் அமைப்பு ஒன்று, பெற்றோர் பிள்ளையைக் கண்காணிக்கிறார்கள் என்று கடிதம் தந்தால் குழு அதைக் கவனத்தில் எடுக்கும் என்றார். றூபன் எழுந்து "மெர்சி" என்றார். எதற்கு நன்றி சொன்னார் என்பதைப் பேரூந்தில் வரும்போது யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

நன்றியுரை முடிந்து ரோல்ஸ் பரிமாறும் நேரத்தில் றூபன் தலைவரிடம் போய் விடயத்தைச் சொன்னார். கிறிஸ்தோப்பரின் முகம் மலர்ந்தது. ஒன்றியம் தொடங்கிய நாளிலேயே ஒரு உண்மையான ஹாக்கரின் தகப்பன் கிடைப்பார் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

"கடிதம் தரலாம் தம்பி. ஆனால் சும்மா தரேலாது. படிமுறை இருக்கு. கருத்தரங்கு, வீட்டுத் தரிசனம், பேந்து பெருவிழா. மூண்டும் முடிச்சால் கையெழுத்து."

"பிள்ளை ஒண்டும் உடைக்கேல்லை அண்ணை. அவளாத்தான் சொன்னவள்."

"அதுதான் தம்பி பயம். சொல்லுற அளவுக்குத் தெரிஞ்சிருக்கு."

கருத்தரங்கை நடத்தியவர் ஒன்றியத்தின் தொழினுட்ப ஆலோசகர் பேராசிரியர் மணிவாசகம். தமிழ்நாட்டுக்காரர், இல்-பிசாரில் பெரிய வீடு, பல்கலைக்கழகத்தில் பாலங்களுக்கான கொங்கிறீற் பற்றி ஆய்வு செய்பவர். கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவரைத் தேடி ஒன்றியத்தினர் அவரிடம் போனபோது, தனக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது என்று அவர் பலமுறை சொன்னார். அவருடைய அடக்கத்தைக் கண்டு அவரையே தெரிவு செய்தார்கள்.

மேடையில் அவர் உப்பு நீரில் இரும்புக் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்பதைப் படங்களுடன் விளக்கினார். வெடிப்பு சிறிதாக இருக்கும்போதே கவனிக்க வேண்டும் என்றார். பெற்றோர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். வெடிப்பை முதலில் காண்பவரை நாங்கள் வேலையிலிருந்து அனுப்புவதில்லை, சம்பளம் கூட்டித் தருவோம் என்று அவர் சொன்ன இடத்தில் மட்டும் ஒருவரும் எழுதவில்லை. கேள்வி நேரத்தில் ஒரு தாய், நல்ல கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார்.

"அது பாருங்க, எங்க வீட்டுல பாஸ்வேர்ட் டிபார்ட்மென்ட் முழுக்க என் ஒய்ஃப் ரமாதான்," என்றார் மணிவாசகம். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

வீட்டுத் தரிசனத்துக்கு நிர்வாகக் குழுவினர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். றூபனின் மனைவி அஞ்சலீனா முதல்நாளே மீன் கட்லட்டும் கேக்கும் செய்து வைத்திருந்தாள். குழுவினர் முதலில் அவற்றைப் பரிசீலித்தார்கள். பிறகு கணினி எங்கே என்று கேட்டார்கள். அது ஜென்சியின் அறையில் இருந்தது. கிறிஸ்தோப்பர் தலையை ஆட்டினார். கணினி தனியறையில் இருக்கக்கூடாது. குடும்பத்தில் மூத்தவர் ஒருவரின் பார்வை எந்நேரமும் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்றியத்தின் யாப்பில் உள்ள விதி. றூபனும் அஞ்சலீனாவும் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், வரவேற்பறையில் இருந்த மடுமாதா சுரூபத்துக்கு நேரே கணினியை வைப்பதென்று தீர்மானமாயிற்று. மாதாவின் பார்வை திரையில் விழுகிறதா என்று குழுவின் பொருளாளர் நூல் பிடித்துப் பார்த்தார். சற்று வலப்பக்கம் விழுந்தது. சுரூபத்தைத் திருப்புவது மரியாதையில்லை என்பதால் மேசையை நகர்த்தினார்கள்.

போகும்போது ஜென்சிக்கு ஓர் அன்பளிப்பும் தந்தார்கள். ஏப்ரல் எட்டாந் திகதி வந்த சூரிய கிரகணத்துக்கென்று ஒன்றியம் மொத்தமாக வாங்கிய காகிதக் கண்ணாடிகளில் பெருந்தொகை மிஞ்சிப்போயிருந்தது. கணினித் திரையைப் பார்க்கும்போது பிள்ளைகள் அதை அணிய வேண்டும் என்று நிர்வாகக் குழு ஏகமனதாக முடிவு செய்திருந்தது. ஜென்சி அணிந்து பார்த்தாள்.

"அங்கிள், இதுக்குள்ளாலை ஒண்டுமே தெரியேல்லை."

"ஓம் பிள்ளை. அதுதான் பாதுகாப்பு."

இனி விசைப்பலகையைத் தொடுவதில்லை என்று ஜென்சியிடம் சத்தியமும் வாங்கினார்கள். இரண்டு படிகள் முடிந்தன. மிஞ்சியது பெருவிழா.

பெருவிழாவின் நோக்கத்தைக் கிறிஸ்தோப்பர் தொலைபேசியில் விளக்கினார். பிள்ளைகளின் கடவுச்சொற்கள் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோரின் கடவுச்சொற்கள் ஒன்றியத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒருவரும் எதையும் ஒளிக்க முடியாது. ஒன்றியத்தின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்று றூபன் கேட்டார். அது யாப்பின் முதலாம் பக்கத்திலேயே இருக்கிறது, எல்லாருக்கும் ஒரு பிரதி தந்தோமே என்றார் தலைவர்.

மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் உரிய சொற்களை றூபன் எழுதி உறையில் போடும்போது ஜென்சி பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, இதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. அதுக்காகத்தான் இது இருக்கிறதே."

"தெரியும் பிள்ளை. கடிதம் வேணுமே."

அவள் உறையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். "அப்ப குடுங்கோ. குடுத்த உடனை மாத்துவம்."

கோயிலில் ஒப்படைத்த சொல்லை அன்றைக்கே மாற்றுவது பாவமா என்று றூபன் யோசித்தார். மகள் வகுப்பில் ஓராண்டு பின்தங்குவதை நினைத்துப் பார்த்தார். உறையை ஒட்டினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்கப் பங்குகளிலும் மன்னாரிலும் திருவிழா முடிவில் உபயகாரர் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிப்பது வழக்கம். இன்னார் குடும்பம் அரிசி ஒரு மூட்டை, இன்னார் குடும்பம் பூச்சோடனை என்று ஊருக்கே கேட்க வேண்டும். வாசிக்கப்படாத உபயம் கொடுக்கப்படாத உபயம். மொன்றியலில் ஒருமுறை ஒருவருடைய மெழுகுதிரிக் கட்டு விடுபட்டுப்போய், அவர் நத்தார்ப் பண்டிகை வரை கோயிலுக்கு வரவில்லை. எனவே மே மாதத்துப் பெருவிழாவில் உறைகள் ஒரு தாம்பாளத்தில் குவிந்தபோது, அடுத்து என்ன செய்வது என்று நிர்வாகத்தில் யாரும் கலந்துபேசவில்லை. கிறிஸ்தோப்பர் முதலாவது உறையை உடைத்து, கண்ணாடியைச் சரிசெய்து, ஒலிவாங்கியில் வாசிக்கத் தொடங்கினார்.

பெயர், ஊர், கடவுச்சொல். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். இரண்டாவது குடும்பத்தின் கடவுச்சொல்லிலேயே புனித அந்தோனியார் வந்தார். மூன்றாவதிலும் வந்தார். அந்தோனியாரும் பிறந்த ஆண்டும், அந்தோனியாரும் வீட்டு இலக்கமும், வெறும் அந்தோனியார். நகரத்தில் எத்தனை வங்கிக் கணக்குகளை அந்தோனியார் தனியாளாகக் காத்து நிற்கிறார் என்பது அதுவரை எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒருவருடைய கடவுச்சொல் ஒரு பெண்ணின் பெயராக இருந்தது. அவருடைய மனைவியின் பெயர் அதுவல்ல. தான் முன்பு வேலை செய்த கப்பலின் பெயர் என்று அவர் எழுந்து நின்று விளக்கமளித்தார். மனைவி, நீங்கள் எந்தக் கப்பலில் வேலை செய்தீர்கள் என்று கேட்டது ஒலிவாங்கியில் விழவில்லை.

மணிவாசகம் குடும்பத்தின் உறை வந்தபோது கிறிஸ்தோப்பர் தடுமாறினார். ரமா எழுதியிருந்தது எழுத்தும் இலக்கமும் குறியீடுகளும் கலந்து ஒரு முழு வரிக்கு நீண்டது. பேராசிரியரே மேடைக்கு வந்து வாசிக்க வேண்டியதாயிற்று. நட்சத்திரக் குறி, கேள்விக்குறி என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் சபை எழுந்து நின்றது. அவருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. இதைக் கண்டதும் சிறிய கடவுச்சொல் கொடுத்திருந்தவர்களுக்குக் கூச்சம் வந்தது. ஒருவர் மேடைக்கு வந்து தன் உறையைத் திருப்பி வாங்கி, இன்னும் நாலைந்து எழுத்துச் சேர்த்துக் கொடுத்தார்.

அந்த நேரத்தில்தான் ஜென்சி எழுந்து மேடையடிக்குப் போனாள். றூபன் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார். எட்டவில்லை.

"அங்கிள், பிளீஸ், நிப்பாட்டுங்கோ. இது முகநூலிலை லைவ்வாய்ப் போய்க்கொண்டிருக்குது."

"தெரியும் பிள்ளை," என்றார் கிறிஸ்தோப்பர் கனிவாக. "யாழ்ப்பாணத்திலையும் பாக்கினம். பாரிஸிலையும் பாக்கினம்."

அவர் அடுத்த உறையை உடைத்தார்.

அடுத்த சில நாட்களில் நடந்தவற்றை ஒன்றியத்தின் அறிக்கை பின்னர் "அசம்பாவிதங்கள்" என்று குறிப்பிட்டது. ஒன்றியத்தின் முகநூல் பக்கம் தெரியாத ஒரு மொழியில் குளிர்கண்ணாடி விற்கத் தொடங்கியது. தலைவர் மணிலா விமான நிலையத்தில் கடவுச்சீட்டில்லாமல் தவிப்பதாகவும் உடனடியாகப் பரிசு அட்டைகள் வாங்கி அனுப்புமாறும் உறுப்பினர்களுக்குச் செய்தி வந்தது. சிலர் அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் இருவர் அப்போது கர்க்லாண்டில் தலைவரின் வீட்டிலேயே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வங்கிகள் கணக்குகளை முடக்கின. றூபன் வீட்டுக் கணக்குகளுக்கு மட்டும் ஒன்றும் நேரவில்லை; அவற்றின் சொற்கள் பெருவிழா நடந்த அன்றே மாறியிருந்தன.

அவசரக் கூட்டம் கூடியது. விளக்கு எரிவதாகக் கருதப்பட்டது. கடவுச்சொற்கள் எப்படி வெளியே போயின என்பது பற்றி நீண்ட விவாதம் நடந்தது. சீனா என்றார் ஒருவர். அயல் பங்குக்காரரின் பொறாமை என்றார் இன்னொருவர். கடைசியில் கிறிஸ்தோப்பர் எழுந்தார்.

"பெரியாக்கள் எல்லாரும் பேசாமல் இருக்கேக்கை, இது நடக்கப்போகுதெண்டு முன்னுக்கு வந்து சொன்னது ஒரு ஆள்தான். நடக்கப்போறது அவவுக்கு எப்பிடித் தெரிஞ்சது? அதோடை அவையின்ர வீட்டுக் கணக்குக்கு மட்டும் ஒரு சேதமுமில்லை. நான் ஒருத்தரையும் குற்றஞ்சாட்டேல்லை. நான் கேள்வி மட்டுந்தான் கேக்கிறன்."

சபை திரும்பி ஜென்சியைப் பார்த்தது. பாடசாலைக் குழு கூடுவதற்கு இன்னும் சில நாட்களே இருந்தன. இப்போது வரப்போகும் கடிதம் றூபன் கேட்ட கடிதமாக இராது.

அவரைக் காப்பாற்றியது ஒன்றியத்தின் இன்னொரு சிக்கல். பாடசாலைக்கு எதை எழுதுவதானாலும் ஒன்றியத்தின் மின்னஞ்சலிலிருந்துதான் எழுத வேண்டும்; அது பூட்டிப்போய்க் கிடந்தது. தொழினுட்ப ஆலோசகரைக் கேட்டார்கள். ரமா ஹாலிஃபாக்ஸ் போயிருக்கிறாள் என்று மணிவாசகம் சொன்னார். அந்த மண்டபத்தில் அதைத் திறக்கத் தெரிந்தவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவள் தொடக்கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

யாப்பை ஆராய்ந்தார்கள். தொடுவதற்குத்தான் தடை, சொல்வதற்குத் தடையில்லை. ஆகவே ஜென்சியைச் சுவரைப் பார்த்து ஒரு கதிரையில் இருத்தி, கிரகணக் கண்ணாடியும் அணிவித்தார்கள். கணினிக்கு முன்னால் றூபன் உட்கார்ந்தார். அவர் தொழிற்சாலைக்கு வெளியே எந்தப் பொத்தானையும் அழுத்திப் பழகாதவர்.

"மறந்துபோனன் எண்டு ஒண்டு எழுதியிருக்கும் அப்பா, அதை அமத்துங்கோ."

"அமத்தியாச்சு."

"கிறிஸ்தோப்பர் அங்கிளின்ர போனுக்கு ஒரு நம்பர் வரும்."

வந்தது. கிறிஸ்தோப்பர் அதைப் பார்த்ததும் பழக்கத்தில் ஒலிவாங்கியை எடுத்தார். றூபன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். ஒன்றியத்தின் வரலாற்றில் ஒரு கடவுச்சொல் காதோடு காதாகச் சொல்லப்பட்டது அதுவே முதல் தடவை. கணக்குத் திறந்தது. சபை றூபனுக்குக் கைதட்டியது. சுவரைப் பார்த்திருந்த பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் கிறிஸ்தோப்பர் றூபனைத் தனியே அழைத்தார். மணிவாசகமும் உடனிருந்தார்.

"பேரில்லாமல் அறிக்கையை மூடேலாது தம்பி. சனம் கேக்குது. பிள்ளையின்ர பேரைப் போட்டால் கடிதம் தரேலாது. எனக்கும் அது கவலைதான்."

"பெரிய ஆளெண்டால் அண்ணை?"

"பெரியாக்கள் எங்கட யாப்புக்குள்ள வரமாட்டினம். ஒன்றியம் பிள்ளையளுக்குத்தானே."

"அப்ப என்ர பேரைப் போடுங்கோ."

"நீரோ செய்தது?"

"தொட்டது நான்தானே. எல்லாரும் பாத்தவை."

கிறிஸ்தோப்பர் யோசித்தார். எழுதிக்கொண்டார்.

வாகனத் தரிப்பிடத்தில் மணிவாசகம் பின்னாலேயே வந்தார். "சார், உங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. எனக்கு சால்வை போட்டாங்க, உங்க மேல பழி போட்டாங்க." அவர் கைகொடுத்துவிட்டுப் போனார்.

ஜென்சி முன் இருக்கையில் பட்டியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். கதவுக்கு வெளியே நடந்த பேச்சு அவளுக்குக் கேட்டிருந்தது.

"அப்பா, அது பொய்."

"ஓம்."

"பிறகேன்?"

"உனக்குப் பரீட்சை இருக்கெல்லே," என்றார் றூபன். வாகனத்தை எடுத்தார்.

கடிதம் மறுநாளே போனது. ஜென்சி ஒழுக்கமான பிள்ளை, விசைப்பலகையைத் தொடுவதில்லை, ஒன்றியத்தின் கணக்குக்குள் நுழைந்தவர் அவளது தகப்பன் என்று விசாரணையில் உறுதியாகியுள்ளது, அவர் அதை மனமுவந்து ஒப்புக்கொண்டுள்ளார் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பாடசாலைக் குழு கடிதத்தைக் கவனத்தில் எடுத்தது. வீட்டில் கணினி ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது இப்போது தெளிவாகிவிட்டதாகத் துணை அதிபர் அஞ்சலீனாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். இப்படிப்பட்ட சூழலில் வளரும் பிள்ளைக்கு அனுதாபமும் தெரிவித்தார்.

மணிவாசகம் பதவி விலகினார். ஒன்றியத்தின் புதிய தொழினுட்ப ஆலோசகராக றூபன் ஏகமனதாகத் தெரிவானார். அவர் வேண்டாம் என்றார். அவருடைய அடக்கம் கூட்டக் குறிப்பில் பதியப்பட்டது.

யூன் மாதம் ஜென்சி அமைச்சுப் பரீட்சைகளை எழுதினாள். றூபன் பாடசாலை வளாகத்துக்குள் நுழைவது தடைசெய்யப்பட்டிருந்ததால், வீதியின் மறுபக்கத்தில், பேரூந்துத் தரிப்பிடத்தில் காத்துநின்றார். அவள் எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்தாள்.